ஆய்வுகூடத்துக்கும் இரத்த வங்கிக்கும் பரிசோதனை வருகிறது: எதை, எப்படித் தயார்ப்படுத்துவது?

இலங்கையின் வன்னியில் மருத்துவ ஆய்வுகூடம் வைத்திருப்பவர்கள் பலர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பதிவு வேறு, தர அங்கீகாரம் வேறு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் ஆய்வுகூடம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் ஊடாகப் போகும். இது கட்டாயம். வாடிக்கையாளர் பதிவுச் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், அவர் கேட்பதில் தப்பே இல்லை.

தர அங்கீகாரம் நீங்களாக விரும்பிப் பெறுவது. 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை அங்கீகார சபை இதை மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேச நியமத்தின்படி வழங்குகிறது. அந்த நியமத்தின் புதிய பதிப்பு 2022இல் வந்தது. ஆய்வுகூடம் முழுவதற்கும் மொத்தமாக அங்கீகாரம் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட சோதனைகளுக்கே கிடைக்கிறது. சீனிச் சோதனைக்கு இருந்தால் தைரொயிட் சோதனைக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அரச வைத்தியசாலைகளின் இரத்த வங்கிகள் கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகம் கொண்ட தேசிய குருதிமாற்றுச் சேவையின் கீழ் வருகின்றன.

சரி, பரிசோதிக்க வருபவர் முதலில் எங்கே போவார்? பெரும்பாலும் பிரிட்ஜுக்குத்தான். செங்குருதிக் கலங்கள் 2 முதல் 6 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) 20 முதல் 24 பாகையில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் இருக்க வேண்டும். அவற்றின் ஆயுள் 5 நாள்தான். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு மாத வெப்பநிலைத் தாள் முழுவதும் "4" என்று, ஒரே பேனையால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. அந்த மாதம் ஒருநாள் பெருமழையில் மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றைக்கும் 4. பரிசோதிக்க வந்தவர் ஜெனரேற்றர் பதிவுக் கொப்பியை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார், வேறெதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் காட்டிய எந்தப் பதிவையும் அவர் நம்பவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மத்தியானம் பிரிட்ஜில் இருந்த பைகளை நினைத்துத்தான் நெஞ்சு பதறியது.

ஆகவே வெப்பநிலை ஏறினால் ஏறியதையே எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஏறியது, பைகளை எங்கே மாற்றினீர்கள், யார் முடிவெடுத்தார் என்பதைக் கீழே குறியுங்கள். பிரிட்ஜின் அபாய மணியை ஒலிக்கவைத்துப் பார்த்து, எத்தனை பாகையில் ஒலித்தது என்பதைப் பதியுங்கள். இரவு 2 மணிக்கு அது ஒலித்தால் யார் காதில் விழும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் இந்தக் கேள்விக்கு விடை தேடி வையுங்கள். அழைக்க வேண்டியவர்களின் இலக்கங்கள் சுவரில் இருக்கட்டும்.

இரத்த வங்கியில் அடுத்த சோதனை, ஒரு பையின் இலக்கத்தைச் சொல்லி "இதன் கதையைக் காட்டுங்கள்" என்பது. புதுக்குடியிருப்பில் ஓர் இரத்ததான முகாமில் எடுத்த பை என்று வையுங்கள். கொடையாளரின் படிவம், அவருடைய நிறை 50 கிலோவுக்குக் குறையாதது, ஹீமோகுளோபின் அளவு போதுமானது, முந்திய தானத்துக்குப் பின் 4 மாதம் கடந்தது, பிறகு எச்ஐவி, ஹெபடைற்றிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளின் முடிவு, நோயாளியின் இரத்தத்தோடு பொருத்தம் பார்த்தவரின் கையொப்பம், வார்ட்டுக்குப் போன நேரம், நோயாளிக்கு ஒவ்வாமை வந்ததா இல்லையா என்பதுவரை சங்கிலி அறாமல் வர வேண்டும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றதால் சிலர் மலேரியாக் கேள்வியை அவசரமாகக் கடக்கிறார்கள். வெளிநாடு போய் வருபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்தக் கேள்வியை வாய்விட்டு, தமிழில், நிதானமாகக் கேளுங்கள்.

ஆய்வுகூடத்தில் காலையில் நோயாளியின் மாதிரிக்கு முன், விடை முன்னரே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியைக் கருவியில் ஓட்டியிருக்க வேண்டும். அது எல்லை தாண்டினால் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதைத் தீர்வாகக் கொள்ளாதீர்கள். ஏன் தாண்டியது என்று தேடியதைப் பதிவு காட்ட வேண்டும். சோதனைத் திரவப் போத்தலில் திறந்த திகதி இருக்கட்டும். வெளியிலிருந்து தரச் சோதனைக்கு வரும் மாதிரியை நோயாளியின் மாதிரி போலவே நடத்துங்கள். பக்கத்து ஆய்வுகூடத்துக்குப் போன் போட்டு விடை ஒப்பிடுவது வேண்டாம்.

வன்னிக்கே உரிய சிக்கல் தூரம். முல்லைத்தீவில் எடுத்த இரத்தம் பஸ்ஸில் வவுனியா வந்து சேரும்போது, இரத்தக் கலங்களைப் பிரித்தெடுக்காத மாதிரியில் சீனி மணிக்கு 5 முதல் 7 வீதம் குறைந்துவிடும். நீரிழிவுக்காரர் ஒருவருக்கு "சீனி நல்லாயிருக்கு" என்று தாள் போய்விடும். சீனி குறைவதைத் தடுக்க உதவும் புளோரைட் குழாய், இரத்தம் எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம் மூன்றில் ஒன்றாவது இல்லாத மாதிரியைத் திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும். திருப்பியவற்றுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள்.

கழிவைப் பொறுத்தவரை தொற்றுக் கழிவுக்கு மஞ்சள் பை, ஊசிகளுக்கு நிரம்பி வழியாத பெட்டி.

பரிசோதனை முடிந்து குறைகள் எழுதித் தந்தால், "ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று பதில் எழுதாதீர்கள். தாளில் நேரம் விடுபட்டதா? நேரத்துக்குத் தனிக் கட்டம் போட்ட புதிய தாளை இணைத்து, அதில் நிரப்பிய இரண்டு வாரப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.