மணிக்கட்டைத் தூக்கினால் விரல் மூடும்: அந்தப் பிடியைக் கெடுத்துவிடாதீர்கள்

தென்னையிலிருந்து தவறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், நெடுஞ்சாலையில் பைக்கோடு சாய்ந்தவர் என்று வேலூர்ப் பக்கத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபடும் விதங்கள் பல. வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "நரம்பு மறுபடி வளருமா?" அறுந்த தண்டுவட இழைகளை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை.

அசைவுக்குக் கட்டளை அனுப்பும் மூளையின் மேல்பரப்புப் பகுதியான இயக்கப் புறணியில் கால், உடம்பு, கை, முகம் என்று வரிசையாக இடங்கள் உண்டு. விரலுக்குப் போகும் கட்டளை கழுத்தில் நின்றுவிட்டால், வேலை செய்கிற தோள், முழங்கைத் தசைகளின் ஆட்சி பக்கத்து இடத்துக்கும் பரவுகிறது. அதே சமயம் காலுக்குரிய இடமும் அழிந்துபோவதில்லை. விபத்து நடந்து பல ஆண்டு கழித்தும், பாதத்தை அசைக்க முயலும்போது அந்தப் பகுதி இயங்குவதை ஸ்கேனில் பார்க்கலாம்.

இந்த மாற்றம் நோயாளியின் சொந்த முயற்சியில்தான் பயனாகும். அடுத்தவர் காலை நீட்டி மடக்கினால் மூட்டு இறுகாது, அது கட்டாயம் தேவை. ஆனால் தம்ளரை எடுக்க அவரே நூறு தடவை முயல்வதற்கு அது ஈடாகாது.

கழுத்தில் ஆறாம் நரம்பு வரை வேலை செய்பவருக்கு மணிக்கட்டு மேலே தூக்கும், விரல் தானாக மடங்காது. இருந்தும் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் மடக்கும் தசைநார்கள் இழுபட்டு விரல்கள் மூடிக்கொள்ளும், தொங்கவிட்டால் திறக்கும். கரண்டி பிடிக்க, பல் துலக்க இதுவே போதும். வீட்டில் இந்தப் பிடியைத்தான் கெடுத்துவிடுகிறோம். உருவிவிடுகிறேன் என்று மணிக்கட்டை மேலே வளைத்து, விரல்களையும் நேராக நீட்டினால் தசைநார் தளர்ந்து பிடி போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே தொங்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றாமல், விரல்களை மடக்கி ஊன்றுங்கள்.

வேலை செய்யும் தசையை இடம் மாற்றித் தைத்து, செயலிழந்த அசைவை மீட்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. தொழுநோயில் முடங்கிய கைகளுக்கு இதை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் 1940-களின் இறுதியிலேயே தொடங்கினார். 1954 விபத்தில் தண்டுவடம் அடிபட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், வீல்சேரில் அமர்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். தைத்த பிறகு பழைய தசைக்குப் புது வேலையைப் பழக்குவது மூளைதான். அதனால்தான் கட்டுப் பிரித்த பின் வரும் வாரங்களின் பயிற்சியை விடவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. கால் திடீரென்று துள்ளினால் "உயிர் வந்துவிட்டது" என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தண்டுவடத்தின் அனிச்சை இழுப்பு. சொன்னதும் அசைகிறதா, நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். அசைவதாக மனதில் நினைக்கும் பயிற்சியும் நல்லதே. ஆனால் சிலருக்கு எரிச்சல் வலி கூடும். கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.