புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள்

குரல் கம்மி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா?" என்றுதான். தொண்டைக்கு வந்தவரிடம் தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று பலரும் விழிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது லாரி ஓட்டுநர் ஒருவரிடம் அப்படிக் கேட்டபோது, உடன் வந்த மனைவி முந்திக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க டாக்டர், ரெண்டு மாசமா இருக்கு. யாரோ நெனைக்கிறாங்கன்னு தலையில தட்டி விடுவேன்."

பேச்சு குரல்வளைக்கு இரண்டாவது வேலைதான். முதல் வேலை காவல். கழுத்தின் முன்னால், ஆண்களுக்குத் துருத்தித் தெரியும் சங்குக்குள், இரண்டு குரல் நாண்கள் கவட்டைபோல முன்னே சேர்ந்தும் பின்னே பிரிந்தும் இருக்கின்றன. பின்முனை ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குருத்தெலும்பில் பொருந்தியிருக்கிறது. அதைத் தசைகள் திருப்பும்போது நாண்கள் மூடும், திறக்கும். விழுங்கும்போது மூடாவிட்டால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமுவதற்கும், மூட்டை தூக்க மூச்சைப் பிடிப்பதற்கும்கூட இந்த வாசல் இறுக மூடவேண்டும்.

மூடுவதற்குப் பல தசைகள் உண்டு. திறப்பதற்கு ஒரே ஒரு ஜோடிதான். குரல்வளையின் பின்புறம் இருக்கிறது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அதன் தயவில்தான். அது இரண்டு பக்கமும் செயலிழந்தால் மூச்சு இரைந்து திணறும். அது அவசர நிலை. முன்புறம் இருக்கும் இன்னொரு ஜோடி நாண்களை இழுத்து நீட்டிச் சுருதியை ஏற்றுகிறது. உச்சஸ்தாயியில் பாட முடிவது அதனால்தான்.

சுருதி ஏற்றும் அந்தத் தசையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்குவது ஒரே நரம்பு. அதன் பாதைதான் விசேஷம். இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து வரும்போது குரல்வளையைக் கடந்து நேராக மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றித் திரும்பவும் கழுத்துக்கு ஏறி வருகிறது. அதனால் நுரையீரல் கட்டியோ, மார்பில் வீங்கிய நெறியோ அதை அழுத்தினால் குரல் போய்விடும். தொண்டையில் ஒரு புண்கூட இருக்காது. தைராய்டு சுரப்பியை ஒட்டியே இது போவதால், அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்குக் குரல் மாறும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

சளி பிடித்துக் கம்மினால் பனங்கற்கண்டும் மிளகும் இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிடுங்கள். புகைபிடிப்பவர்கள், கழுத்தில் கட்டி தெரிகிறவர்கள், சளியில் ரத்தம் பார்த்தவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருந்துக்கடையில் மாத்திரை மாற்றி மாற்றி வாங்கிக் கழிக்கும் வாரங்கள் பிறகு கிடைக்காது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, அத்தனை பேரைத் தாமதமாகப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று: கத்திக் கத்தி நாண்களில் வரும் சிறு முடிச்சுகள் பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே குறைந்துவிடும். குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகாது, சும்மா இருப்பதுதான் ஓய்வு.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. மூக்கை மரக்கவைத்து, மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, "ஈ" என்று சொல்லச் சொல்வோம். சில நிமிட வேலை. அந்த ஓட்டுநருக்கு வலது நாண் நடுவுக்கு வந்தது, இடது அசையவே இல்லை. மார்பு சி.டி. ஸ்கேனில் இடது நுரையீரலில் கட்டி தெரிந்தது. புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினோம். அசையாத நாணை ஊசி மருந்தால் தடிக்கவைத்து நடுப்பக்கம் நகர்த்தியதில், வலது நாண் அதைத் தொட முடிந்தது.

அப்புறம் ஒருநாள் சிகிச்சைக்கு நடுவே எட்டிப்பார்த்தார். குரல் இன்னும் கரகரப்புதான். "கீழே டீ குடிச்சிட்டுத்தான் வர்றேன், ஒரு தடவைகூட இருமல" என்றார்.