டிம்மில் போனாலும் எதிரே வருகிறவருக்கு ஏன் கண் கூசுகிறது?

"காரில் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன். வெளிச்சம் பிரமாதம். டிம்மில்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிச்சம் கூடியது ஒரு காரணம்தான், அதைவிடப் பெரிய காரணம் அந்த வெளிச்சம் பிறக்கிற இடம் ஓரிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனது.

பரவளைய ஆடியின் குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியே போகும், பள்ளியில் படித்ததுதான். ஹெட்லைட்டில் பிரைட் அப்படித்தான் கிடைக்கிறது. டிம் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் அழகே இருக்கிறது.

நம் சாலைகளில் ஓடும் ஏராளமான கார்களில் இருப்பது எச்4 பல்பு. 1971-ல் வந்த வடிவமைப்பு. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழைகள், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பிரைட் இழை குவியத்தை ஒட்டி இருக்கும், டிம் இழை குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அப்படி முன்னால் இருக்கும் இழையின் ஒளி ஆடியின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும், கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கிக் கிளம்பி எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். அந்தக் கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாதபடி டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், காற்றில் அகல் அணையாமல் உள்ளங்கையைக் குழித்துப் பிடிப்போமே, அந்த மாதிரி. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கிண்ணத்தின் ஒரு விளிம்பு மட்டும் 15 டிகிரி சரிந்திருக்கும். அந்த இடைவெளியில் தப்பும் ஒளி இடது ஓரமாக மட்டும் ஆப்பு வடிவில் மேலே ஏறி, ஓரமாக நடந்து போகிறவரையும் மைல்கல்லையும் காட்டிக்கொடுக்கும், வலப்பக்கம் எதிரே வருகிறவரைத் தொடாது. லென்ஸ் இல்லை, மின்னணு இல்லை, நகத்தளவு தகடு ஒன்றே இவ்வளவையும் செய்துவிடுகிறது. எனக்கு இதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை.

இப்போது அதே ஆடிக்குள் எல்.இ.டி.யைச் செருகுங்கள். இழை மெல்லிய கம்பிச்சுருள், எல்லாப் பக்கமும் ஒளி விடும். எல்.இ.டி. சில்லுகளோ ஒரு பட்டையின் இரண்டு முகங்களில் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் தன் முகம் பார்த்த திசைக்கே அதிகம் ஒளி விடும். பட்டை எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு தூரம் ஒளி மையத்தை விட்டு விலகும். மெல்லியதாகச் செய்தால் சூடு வெளியேற வழி குறையும், சூடேறிய எல்.இ.டி. மங்கும். தடிமனா, சூடா என்ற இந்த இழுபறிதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை. நல்ல பல்பில் சில்லுகள் பழைய இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்கும், அடியில் அந்தக் கிண்ணமும் இருக்கும்.

ஆனால் ஆக்சசரீஸ் கடையில் எது விற்கிறது? பெட்டியில் பெரிய எழுத்தில் வாட், லூமன் (ஒளியின் அளவு), 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று போட்டது. ஹாலஜன் சுமார் 3200 கெல்வின், மஞ்சளாகத் தெரியும். 6000 நீலம் கலந்த வெள்ளை, பார்த்த உடனே புதுக் கார் மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும். காருக்கு முன்னால் பத்தடியில் தரை வெள்ளைவெளேரென்று ஆனதும் "நல்லாத் தெரியுது" என்கிறோம். பக்கத்துத் தரை பளிச்சிட்டால் கண்மணி சுருங்கும், தூரத்து இருட்டு முன்னைவிட இன்னும் இருட்டாகிவிடும். வெள்ளையாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்பது எனக்கு மூடநம்பிக்கையாகவே படுகிறது.

ஜெர்மனியில் 2020-ல்தான் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 (ஒரே இழை உள்ள இன்னொரு பல்பு வகை) இடத்தில் போடும் எல்.இ.டி. பல்புக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது, அதுவும் கார் மாடல் வாரியாகச் சோதித்துத் தேறிய கார்களுக்கு மட்டும். ஒரே பல்பு ஒரு ஆடியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் தாறுமாறாகவும் ஒளி வீசும் என்பதால் அது சரியான முறை. நாமோ எதிரே வருகிறவருக்குக் கண் கூசாது என்று நம்பி ஹெட்லைட்டில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். எச்4 விளக்கில் டிம் ஒளி வருவதே ஆடியின் மேல்பாதியிலிருந்துதான், அந்த இடத்தை மறைத்தால் சாலையில் விழ வேண்டிய நல்ல ஒளிதான் குறையும். எஃப்.சி. எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒளிக்கற்றையை அளக்கும் கருவியை வைத்து ஒழுங்காகப் பயன்படுத்தினால், அந்தச் செலவுக்கு ஆயிரம் ஸ்டிக்கர் ஈடாகாது.

சரி, கேட்டவருக்கு: இரவில் சமதளத்தில், சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி காரை நிறுத்தி டிம் போடுங்கள். வலப்பக்கம் கிடையாக ஒரு கோடும், இடப்பக்கம் அது மேலே ஏறுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பல்பின் வளையத்தைத் தளர்த்தி, டிம் சில்லுகள் இரண்டும் இடமும் வலமும் பார்க்கும்படி திருப்புங்கள். அப்புறமும் கோட்டுக்கு மேலே வெளிச்சம் சிதறினால் பழைய ஹாலஜனையே திரும்ப மாட்டிவிடுங்கள்.