கைமாற்றாய்ப் போகும் ஒளி

2021 மே மாதம். சத்துவாச்சாரியில் ஒரு கொரோனா சோதனை முகாமில் மூக்கைக் காட்டிவிட்டு வந்தோம், நானும் பக்கத்து வீட்டு டெய்லரும். வேலூர் வெயில் மண்டையைப் பிளந்தது. அவருடைய முடிவில் ‘பாசிட்டிவ், சிடி 24’ என்றிருந்தது. “இன்னா சார் இது, காய்ச்சல் டிகிரியா?” என்று போனில் கேட்டார்.

டிகிரி இல்லை. வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றுச் சுற்றாக நகலெடுக்கும் சோதனை அது. ஒரு சாயம் எத்தனையாவது சுற்றில் கருவிக்குத் தெரியும்படி ஒளிர ஆரம்பித்தது என்ற கணக்கு. அதுவரை அது ஏன் ஒளிரவில்லை? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒளிரும் சாயம் வெளிச்சத்தை விழுங்கி, சில நானோ வினாடி வைத்திருந்து, வேறு நிறத்தில் கக்கும். அதற்குள் பொருத்தமான இன்னொரு சாயம் மிக அருகில் இருந்தால், கக்காமலே ஆற்றலை அதனிடம் கொடுத்துவிடும். நடுவில் ஒளி பயணிப்பதே இல்லை. மணியார்டர் அல்ல, கைமாற்று. அவசரத்துக்கு டெய்லரிடம் நூறு ரூபாய் வாங்குவேன். அதற்காகக் காட்பாடி வரை யார் போவது? ஃபிரெட் எனப்படும் இந்தக் கைமாற்றுக்குக் கணக்கு போட்டவர் தியோடர் ஃபோர்ஸ்டர், 1940-களில், ஜெர்மனியில்.

அந்தக் கணக்கில் தூரம் ஆறாம் அடுக்கில் வருகிறது. 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் கைமாறும் ஜோடிக்கு, இடைவெளி 10 ஆனால் நூற்றில் ஒன்றரைதான் கைமாறும். 2.5 ஆகச் சுருங்கினால் 98-க்கு மேல். புரதங்களின் உருவமும் இதே சில நானோமீட்டர்தான் என்பது நம் அதிர்ஷ்டம்.

சரி, டெய்லரின் சோதனைக்கு வருவோம். சின்ன டிஎன்ஏ இழையின் ஒரு முனையில் சாயம், மறுமுனையில் அதன் ஆற்றலை வாங்கி வெப்பமாக்கிவிடும் மூலக்கூறு. வைரஸின் மரபுப்பொருள் இருந்தால் இழை அதன்மேல் ஒட்டும். நகலெடுத்துக்கொண்டே வரும் நொதி அதைத் துண்டாக்கும். சாயம் விலகி ஒளிரும். சீக்கிரம் ஒளிர்ந்தால் வைரஸ் அதிகம்.

வெட்டாமல் மடக்குவது இன்னொரு வழி. 1997-இல் மியாவாக்கி, ரோஜர் சியன் ஆகிய விஞ்ஞானிகளின் குழு கால்மோடுலின் என்ற புரதத்தையும் அது பற்றிக்கொள்ளும் ஒரு துண்டையும் கோத்து, இரு முனையிலும் ஒளிர் புரதங்களைத் தைத்து, கால்சியத்தைக் காட்டும் உணரி (சென்சார்) ஒன்றைச் செய்தது. கால்சியம் வந்தால் அது மடங்கும். நீலம் மங்கி மஞ்சள் கூடும். இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதால், செல்லில் உணரி கூடக்குறைய இருந்தாலும் கவலையில்லை. ஆனால் இணைப்பின் நீளமும் சாயங்கள் பார்க்கும் திசையும் சரியாக அமையாவிட்டால் நிறம் மாறவே மாறாது. அளவெடுத்த பிறகும் ட்ரையல் பார்க்காமல் சட்டை உட்காருமா?

டெய்லருக்குச் சர்க்கரையும் உண்டு. “என் சர்க்கரை மெஷினும் இதானா?” என்றார். இல்லை, அந்த ஸ்ட்ரிப்பில் நொதியும் மின்னோட்டமும்தான். ஃபிரெட் வழியில் செல்லுக்குள் குளுக்கோஸைப் பார்க்கும் உணரி 2003-லேயே வந்துவிட்டது, ஈ.கோலை பாக்டீரியாவின் புரதத்தை நடுவில் வைத்து என்றேன்.

“பாக்டீரியாவா? வேணாம் சார், விரலையே குத்திக்கிறேன்.”