முதலை, இடங்கர், கராம்: சொல் விளக்கம்

இன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 'முதலை' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். சங்கப் புலவர்களுக்கு அது போதவில்லை. இரவில் தலைவன் வரும் வழியில் என்னென்ன ஆபத்து என்று குறிஞ்சிப்பாட்டில் தோழி அடுக்கும்போது, நீர்ச்சுழியில் திரிபவையாக 'கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்' என்கிறாள். ஒரே விலங்குக்கு மூன்று பெயர் என்றால் கபிலர் 'உம்' போட்டு மூன்று முறை எண்ண வேண்டியதில்லை. வளைந்த கால் என்ற அடைமொழியும் முதலைக்கு மட்டும்தான். பிற்கால அகராதிகளில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. கராம் என்றால் 'ஒருவகை முதலை' என்றும், 'ஆண் முதலை' என்றும் பொருள் சொல்லி நகர்ந்துவிடுகின்றன.

'முதலை' எங்கிருந்து வந்தது? 'முதலில் தோன்றிய உயிர், அதனால் முதலை' என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. மலையாளத்தில் முதல, கன்னடத்தில் மொசளெ, தெலுங்கில் மொசலி. இதே மொழிகளில் 'முதல்' என்பதற்கு இணையான சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் 'மொதலு'. விலங்கின் பெயரில் சகரம், 'முதல்' என்பதில் தகரம். இரண்டும் ஒரே வேரில் பிறந்திருந்தால் இப்படிப் பிரிந்திருக்காது. தமிழில் மட்டும் ஒலி ஒத்துப்போனதால் வந்த மயக்கம் இது. முதலை தனி வேர். பழைய திராவிடச் சொல்.

இன்னொரு சொல் மகரம். வடமொழியிலிருந்து வந்தது. கோயில் தோரணத்தில் துதிக்கையும் மீன்வாலும் கலந்த உருவமாக இருக்கும் அதே மகரம்தான் இந்தியில் 'மகர்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'மக்கர்' ஆனது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் அமராவதி அணையிலும் இருப்பது இந்த மக்கர் முதலைதான். தமிழில் சதுப்புநில முதலை என்கிறார்கள். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'பலுஸ்ட்ரிஸ்' என்பதன் நேர் பொருளும் சதுப்புக்குரியது என்பதே.

இந்தியாவில் மூன்று இனங்கள், கபிலரிடம் மூன்று பெயர்கள். ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். மூன்றாவது இனமான கரியல், கங்கை, சம்பல் போன்ற வடபுலத்து ஆறுகளில் வாழ்வது. கராம், கரியல் என்ற ஒலி ஒற்றுமையும் தற்செயல்தான். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம் போல ஒரு புடைப்பு இருக்கும். மூச்சுக்காற்று அதில் மோதி ரீங்காரம் எழும். குடத்துக்கு இந்தியில் 'கடா', அதிலிருந்து வந்தது இந்தப் பெயர். இரண்டாவதான உவர்நீர் முதலை இன்று பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் பக்கம் இருக்கிறது. இலங்கையில் உவர்நீர் முதலை, சதுப்புநில முதலை இரண்டும் உண்டு. தென்னிந்தியக் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலை முன்பு இருந்ததால், இடங்கரோ கராமோ அதைக் குறித்திருக்கலாம். எது என்று முடிவுகட்டப் பாட்டில் சான்று இல்லை.

மேற்கே போனால் கதை வேறு. எகிப்தில் இந்த விலங்கைக் கண்ட அயோனியக் கிரேக்கர், தங்கள் ஊர்ச் சுவர்களில் ஓடும் பல்லியின் பெயரையே இதற்கும் வைத்தார்கள் என்று பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அதுதான் 'குரோக்கடைல்'. அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியரும் 'எல் லகார்த்தோ', அதாவது பல்லி, என்றார்கள். அது திரிந்து 'அலிகேட்டர்' ஆனது. நம் செய்திகளில் அலிகேட்டரையும் முதலை என்றே எழுதுகிறோம். பொதுப்பெயராகத் தவறில்லை. ஆனால் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் போல இரண்டும் சேர்ந்து வாழும் இடத்தைப் பற்றி எழுதினால் குழம்பும். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் முதலை, தெரியாவிட்டால் அலிகேட்டர். அலிகேட்டரில் இரண்டே இனம், ஒன்று அமெரிக்காவில், மற்றது சீனாவில். தென் அமெரிக்காவின் கெய்மன்களும் அந்தக் குடும்பமே. இவற்றுக்கு இடங்கர், கராம் என்று பழம்பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கபிலர் காணாத விலங்குக்கு அவர் சொல்லைக் கொடுத்தால் பாட்டும் குழம்பும், உயிரியலும் குழம்பும். அலிகேட்டர் என்றே எழுதலாம். (முதலைக் கண்ணீரும் மேற்கிலிருந்து வந்ததுதான். நமக்குச் சொந்தமாக நீலிக் கண்ணீர் இருக்கிறது.)

அழிந்துபோனவற்றின் பெயர்களில் 'சூக்கஸ்' என்ற ஒட்டு வரும். எகிப்தியரின் முதலைக் கடவுள் சோபெக். அவருடைய கிரேக்கப் பெயர் அது. ஆகவே சூக்கஸ் வருமிடத்தில் 'முதலை' என்று தாராளமாக மொழிபெயர்க்கலாம். டைனோசூக்கஸ் என்றால் கொடுமுதலை, டைனோசர்களையே கடித்த வட அமெரிக்க விலங்கு. மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் சப்பைமூக்கு முதலை. ஒரு மீட்டர்கூட நீளமில்லை, பல்லைப் பார்த்தால் இலைதழை தின்றது போலிருக்கிறது. 'நெடும்புனலுள் வெல்லும் முதலை' என்று தொடங்கி, நீரை விட்டு நீங்கினால் அதை மற்றவை வென்றுவிடும் என்றார் வள்ளுவர். இன்றுள்ள முதலைக்கு அது அப்படியே சரி. பழைய முதலையினத்திலோ நெடுங்கால்களோடு தரையில் ஓடி வேட்டையாடியவை உண்டு. காலே துடுப்பாகி, மீன் போல வாலோடு கடலிலேயே வாழ்ந்தவையும் உண்டு.

எல்லாமே கோடி ஆண்டுக் கணக்கு என்றும் இல்லை. 2022இல் பெயர் பெற்ற ஹன்யுசூக்கஸ், தென்சீனாவில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த நீள்மூக்கு முதலை. கிடைத்த எலும்புகளில், மனிதர் அதன் தலையை வெட்டிய தடம் இருக்கிறது. பெயர் ஹன் யூ என்ற கவிஞருடையது. அவர் 819இல் ஊரை விட்டுப் போகும்படி முதலைகளுக்கே எழுத்தில் ஆணையிட்ட அதிகாரி.