ஸ்கி: பிளந்த மரத்தின் பெயர்

'ஸ்கி' என்ற சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது என்றாலும், அது பிறந்து வளர்ந்த இடம் நார்வே. நார்வேயில் முன்பு வழங்கிய பழைய நோர்ஸ் மொழியில் 'ஸ்கீத்' என்பது பிளந்தெடுத்த மரத்துண்டைக் குறித்தது. விறகுக்குப் பிளந்த துண்டும் அதுவே, பனியில் செல்வதற்காகக் காலில் கட்டிக்கொண்ட நீண்ட துண்டும் அதுவே. நார்வேயின் பழைய பண்ணைகளில் பிளந்த மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிக் கட்டும் வேலிக்கு இன்றும் 'ஷீகார்' என்றுதான் பெயர். பிளந்த விறகைக் குறிக்கும் 'ஷைட்' என்ற ஜெர்மன் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. 'பிள' என்ற வினையிலிருந்து நமக்குப் 'பிளாச்சு' கிடைத்ததைப் போலவே, வெட்டுதல், பிளத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அவர்களுக்கு இந்தச் சொல் கிடைத்தது. சொல்லைவிடப் பொருள் மிகப் பழையது: சுவீடனின் கால்வ்டிரெஸ்க் என்ற ஊரில் 1924இல் சதுப்பு நிலத்திலிருந்து கிடைத்த ஸ்கி 5000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

நார்வேக்காரர்கள் இதனை 'ஷீ' என்றே ஒலிக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் எழுத்தைப் பார்த்து 'ஸ்கி' என்று படித்தார்கள். நாமும் அவ்வாறே எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சொல் ஒரு பொருளின் பெயர் மட்டுமே, ஒரு செயலின் பெயர் அன்று என்பதைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும். நார்வீஜிய மொழியில் 'கோ போ ஷீ' என்றால் ஸ்கியின் மேல் நடத்தல்; 'ஸ்தோ போ ஷீ' என்றால் ஸ்கியின் மேல் நிற்றல். முன்னது சமவெளியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் தன் கால் வலிமையால் நெடுந்தூரம் செல்வதற்கும், பின்னது பெரும்பாலும் மலைச்சரிவில் இறங்குவதற்கும் வழங்குகின்றன. நடைவகைக்கு 'லாங்ரென்' என்றும், சரிவில் இறங்குவதற்கு 'அல்பீன்ட்' என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 'அல்பீன்ட்' என்பது ஆல்ப்ஸ் மலையின் பெயரிலிருந்து வந்தது. ஆல்ப்ஸ் நாடுகளுக்கு ஸ்கியையும், சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் போட்டியைக் குறிக்கும் 'ஸ்லாலோம்' என்ற சொல்லையும் கொடுத்த நார்வே, சரிவு விளையாட்டின் பொதுப்பெயரை அங்கிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. ஸ்லாலோம் என்பதில் 'ஸ்லா' சரிவு, 'லோம்' தடம். அதுவும் நார்வேயின் தெலமார்க் பகுதியின் சொல்லே. அப்பகுதியின் மோர்கெடாலில் 1825இல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம், குதிகாலைச் சுற்றி வரும் முறுக்கிய வேர்க்கட்டினால் பாதத்தை ஸ்கியோடு பிணைத்து, திரும்புவதையும் குதிப்பதையும் எளிதாக்கினார்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'பனிச்சறுக்கு' என்பது பரவலாகிவிட்ட நல்ல சொல். பனி என்றால் மார்கழிப் பனிதானே என்று ஐயுறுவோருக்கு, இமயத்தைப் 'பனிபடு நெடுவரை' என்று புறநானூறு பாடியதே போதிய விடை. குறை, சறுக்கு என்ற பகுதியில்தான் இருக்கிறது. அது சரிவில் இறங்குவதை மட்டுமே மனத்தில் எழுப்புகிறது; ஸ்கியின் மேல் நடப்பது அதற்குள் அடங்குவதில்லை. மேலும் உறைந்த நீர்ப்பரப்பின் மீது சக்கரமில்லாக் காலணியோடு சுழலும் ஸ்கேட்டிங்கிற்கும் பலர் இதே சொல்லை எழுதுகிறார்கள். ஆகவே பொருளுக்குப் 'பனிமட்டை' என்று தனிப்பெயர் வைத்து, அதிலிருந்து 'பனிமட்டை நடை', 'சரிவுச் சறுக்கு' என்று இரண்டு செயல்களையும் பிரித்தெழுதுவதே தெளிவு தரும் என்பது என் கருத்து. வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது பிளாச்சுதான் என்றாலும், அது நம் காதில் மெல்லிய மூங்கில் கீற்றாக ஒலிக்கிறது. 'பலகை' என்ற சொல்லை, இரு கால்களையும் ஒரே பலகையின் மேல் வைத்துச் செல்லும் ஸ்னோபோர்டுக்கு விட்டுவைக்கலாம்.

'ஸ்கி ரிசார்ட்' என்பதன் பின்பாதியும் நம்மைத் தவறான வழியில் அழைத்துச் செல்கிறது. தமிழ்நாட்டில் ரிசார்ட் என்றால் நீச்சல்குளமும் தோட்டமும் கொண்ட விடுதி. மக்கள் மீண்டும் மீண்டும் நாடிச் செல்லும் இடம் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். நார்வேயில் 'ஷீசென்டர்' என்றும், பின்லாந்தில் 'ஹீஹ்தோகெஸ்குஸ்' என்றும் வழங்கும் பெயர்கள் இரண்டும் மையம் என்றே சொல்கின்றன. சரிவுகள், ஆட்களை மேலே கொண்டுசெல்லும் இழுவைகள், மட்டை வாடகைக்கடை, பயிற்சிப்பள்ளி எல்லாம் சேர்ந்த ஒரு மலைப்பகுதி அது. தங்குமிடம் அதன் ஓர் உறுப்பு மட்டுமே. எனவே 'விடுதி' பொருந்தாது, 'தலம்' பொருந்தும்.

குளிர்காலப் பயணத்துக்குத் தலம் தேர்வோருக்கு இந்தச் சொற்பிரிப்பு நேரடியாகவே பயன்படும். 'பனிச்சறுக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு தேடினால் நார்வேயின் மிகப்பெரிய சரிவுத் தலமான டிரிசிலும், செங்குத்தான சரிவுகளுக்குப் பெயர்பெற்ற ஹெம்செடாலும்தான் முதலில் கண்ணில் படும். பனிமட்டை நடைக்காக நார்வேக்காரர்கள் பலர் நாடும் லில்லெஹாம்மர் அருகிலுள்ள ஷூஷோயென் நம் தேடலில் தப்பிவிடக்கூடும். முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் யைலோவைச் சொல்வேன். 1909இல் திறக்கப்பட்ட பெர்கன் ரயில்பாதையில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில் இரண்டு வகைக்கும் இடமிருக்கிறது, ஆஸ்லோவிலிருந்து நேராக ரயிலிலேயே போய் இறங்கலாம்.

சரிவுகளின் நிறங்களையும் அறிந்திருக்க வேண்டும்: பச்சை மிக எளியது, அடுத்து நீலம், பின் சிவப்பு, கருப்பு கடினமானது. சரிவுச் சறுக்குக்கு இழுவைச்சீட்டு வாங்கியாக வேண்டும். நடைக்கான தடங்களோ பெரும்பாலும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. பள்ளிகளின் குளிர்கால விடுமுறை விழும் பிப்ரவரி இறுதியில் அறை கிடைப்பது அரிது.

நடைத்தடத்துக்கு 'லோய்ப்பே' என்று பெயர். டிசம்பரில் பகல் மிகச் சுருங்கிவிடுவதால் விளக்குக்கம்பங்கள் நட்ட தடங்களும் உண்டு; அவற்றை 'லீஸ்லோய்ப்பே' என்கிறார்கள். 'லீஸ்' என்றால் ஒளி. ஆகவே 'ஒளித்தடம்' என்று அப்படியே சொல்லலாம். டிசம்பரில் போகிறவர்கள் அறையைப் பதிவு செய்யும்போது, அருகில் ஒளித்தடம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.