ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் தொடை

செங்குத்தான காட்டு மலைக்குக் கிளம்புகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் மலைப்பார்கள். மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், எல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு நாள் கழித்துப் படி இறங்க முடியாமல் கைப்பிடியைத் தேட வைப்பது பெரும்பாலும் இறக்கம்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை குறுகி, உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை முட்டி மடங்க மடங்க நீள்கிறது. நீண்டபடியே உடல் எடையை இழுத்தும் பிடிக்கிறது. பிரேக் போடுகிற வேலை இது.

இந்த வேலைக்கு எவ்வளவு குறைந்த ஆற்றல் போதும், அதாவது இது எவ்வளவு மலிவானது என்பதை அபாட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1952இல் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் அதைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனாலும் மிதித்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் பல மடங்கு அதிகம். சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுக்க, எதிரே மிதித்த ஆண் களைத்துப்போனார்.

இந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. நீளும் தசையால் குறைந்த இழைகளை வைத்தே பெரிய சுமையைத் தாங்க முடியும். அப்படியானால் ஒவ்வொரு இழைக்கும் சுமை கூடுகிறது. சில இழைகளின் நுண்ணிய அலகுகள் அளவுக்கு மீறி இழுபட்டுச் சேதமாகின்றன. அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் அழற்சி வளர நேரமாகும். அதனால்தான் வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் தொடுகிறது. கடுமையாக உழைக்கும் தசையில் சேரும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது கூடுவது ஏற்றத்தில், அதுவும் ஓய்வெடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலியை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இந்த வலியில் பருவகாலங்களுக்கும் பங்கு உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை அவ்வளவு வலியில்லாமல் தாங்கும். மழைக்காலமோ பனிக்காலமோ முழுக்க வீட்டிலிருந்தால் அந்தப் பாதுகாப்பு மெல்லக் கரையும். ஆண்டின் முதல் நடை கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சமதளத்தில் சைக்கிள் ஓட்டி மூச்சைப் பழக்கலாம். இறக்கத்துக்கு இறக்கம்தான் பயிற்சி.

பருவத்தோடு தரையும் மாறும். 30 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம், அதாவது காலணியும் தரையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அளவு, சுமார் 0.58 வேண்டும். காய்ந்த பாறையில் ரப்பர் அடிப்பாகத்துக்கு அது எளிது. ஈர இலைக் குவியலில் ஓர் இலை இன்னொன்றின் மேல் நழுவும். உருகத் தொடங்கிய பனிக்கட்டி அதைவிட மோசம்.

வெப்பக் கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் 1000 மீட்டர் ஏறினால் எடையைத் தூக்கும் வேலை மட்டும் சுமார் 164 கிலோகலோரி. தசை, தான் செலவழிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தால், ஏறக்குறைய 490 கிலோகலோரி வெப்பமாக வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆவியானால்தான்! கோடையில் அடர்ந்த மரங்களுக்கடியில் நிழல் கிடைக்கும், காற்று கிடைக்காது. ஈரமான அசையாத காற்றில் வியர்வை சொட்டும். சொட்டுகிற வியர்வை குளிர்விப்பதில்லை.

குளிர்காலத்தில் சிக்கல் தலைகீழ். ஏறும்போது சட்டை நனைகிறது. உச்சியில் காற்று, கூடவே 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. அப்புறம் இறக்கம் ஆரம்பிக்கிறது. அது மலிவான வேலை என்பதால் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைவு. ஈரத் துணியோ உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் உச்சியை அடைந்ததும், படம் எடுப்பதற்கு முன்பே, உடல் சூடாக இருக்கும்போதே காய்ந்த சட்டைக்கு மாறிவிடுவது நல்லது.